ஒரு நட்சத்திரமா, ஐந்து பேர் கூட்டணியா? பேக்கர்ஸின் ரிசீவர் வரிசையை எடைபோடுவது எப்படி

2022 ஜனவரி 22, அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லில் ஆடும் கிரீன் பே பேக்கர்ஸின் லாம்போ மைதானம். பனி விழுந்துகொண்டிருக்கிறது. பிளேஆஃப் ஆட்டம், அதாவது தோற்றால் வெளியே. ஸ்கோர் 10-10, நேரம் முடியப்போகிறது. பேக்கர்ஸுக்கு தேர்ட் டவுன் (பந்தை முன்னேற்றக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் மூன்றாவது), 11 யார்டு தேவை. பந்தை வீசும் குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ், தூரத்தில் ஓடும் டேவான்டே ஆடம்ஸைப் பார்க்கிறார், அவருக்கே வீசுகிறார். ஓடிப்போய் பந்தைப் பிடிக்கும் ரிசீவர் அவர். ஆடம்ஸைச் சுற்றி சான் பிரான்சிஸ்கோ ஆட்கள் இரண்டு பேர். பந்து தரையில் விழுகிறது. ரீப்ளே போட்டபோதுதான் தெரிந்தது, இன்னொரு ரிசீவர் ஆலன் லஸார்ட் மைதானத்தின் நடுவில் ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார். அடுத்து ஒரு பன்ட் (பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுப்பது), கடைசி நொடியில் எதிரணியின் ராபி கூல்ட் கம்பங்களுக்கு நடுவே உதைத்த 45 யார்டு ஃபீல்டு கோல், 3 புள்ளி. 13-10. சீசன் முடிந்தது.

அன்று ராட்ஜர்ஸ் கைசேர்த்த பாஸ்கள் 20. ஆடம்ஸுக்கு 9, பந்தை வாங்கி ஓடும் ரன்னிங் பேக் ஆரன் ஜோன்ஸுக்கு 9. மற்ற எல்லோருக்கும் சேர்த்து இரண்டு.

இரண்டு மாதம் கழித்து ஆடம்ஸ் லாஸ் வேகஸ் ரெய்டர்ஸுக்குப் போய்விட்டார். அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்றும் ஓயவில்லை. என்னோடு சேர்ந்து ஆட்டம் பார்ப்பவர்களில் பாதிப் பேர் "நம்பர் 1 ரிசீவர் இல்லாமல் கோப்பை கிடையாது" என்கிறார்கள். மீதிப் பேர் "ஐந்து பேர் சேர்ந்தால் ஒருவரை விட மேல்" என்கிறார்கள். நடுவில் சிலர் "அனுபவசாலி ஒருவரை ஓராண்டுக்குக் கூட்டிவந்தால் போதுமே" என்பார்கள். மூன்று பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் முடிவெடுக்க முடியாமல் திணறுகிறோம். நான் எப்படி எடைபோடுகிறேன் என்று எழுதிவைக்கிறேன்.

## முதலில், வரிசை என்றால் என்ன

டெப்த் சார்ட் என்பது இடம்வாரியாக யார் முதல் ஆள், அவருக்குப் பின்னால் யார் என்று காட்டும் பட்டியல். ரிசீவர்களில் மூன்று இடங்கள் முக்கியம். 'எக்ஸ்' என்பவர் பந்து வைக்கப்படும் கோட்டின் மேலேயே நிற்பவர். அவரைக் காவல் காக்க எதிரே நிற்கும் கார்னர்பேக் கைவைத்துத் தடுப்பதைத் தாண்டித்தான் அவர் ஓட்டத்தையே தொடங்க முடியும். 'இசட்' கோட்டுக்கு ஓரடி பின்னால் நிற்பவர்; பந்து நகர்வதற்கு முன்பே பக்கவாட்டில் ஓடலாம். ஸ்லாட் என்பது உள்பக்கம். நெரிசலில் சட்டென்று திரும்பத் தெரிந்தவருக்கு உரிய இடம்.

ஓர் அணியில் 53 பேர். ஆட்ட நாளில் உடையணிந்து இறங்குவது அதிகபட்சம் 48 பேர். இதில் ரிசீவர்களுக்குக் கிடைப்பது ஐந்தாறு இடம்தான். ஆகவே நான்காவது, ஐந்தாவது ஆள் சும்மா உட்கார முடியாது. பன்ட், கிக்ஆஃப் நேரத்தில் ஓடி ஆளை மறிக்கும் ஸ்பெஷல் டீம்ஸ் வேலையும் அவர் தலையில்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் ஐந்து கேள்விகள் கேட்பேன்.

1. ஆட்டம் தொங்கலில் நிற்கும்போது, இரட்டைக் காவல் இருந்தாலும் பந்தைப் பிடிக்க ஒருவர் இருக்கிறாரா?
2. முதல் ஆள் அடிபட்டால் மறுநாள் யார் இறங்குவார்?
3. சம்பள வரம்பில் எவ்வளவு தின்னும், ஒப்பந்தங்கள் எப்போது முடியும்?
4. பலன் கிடைக்க எத்தனை காலம்?
5. பந்து வராதபோது என்ன செய்வார்? மறிப்பாரா, ஸ்பெஷல் டீம்ஸில் ஓடுவாரா?

முதல் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டாவதைக் கேட்பவர்கள் குறைவு. என் கணக்கில் அதுதான் முதலில் கேட்க வேண்டியது. அதற்குக் காரணம் ஒரே ஓர் ஆட்டம்.

2016 ஜனவரி 16, அரிசோனா கார்டினல்ஸுக்கு எதிரான பிளேஆஃப். ஜோர்டி நெல்சன் ஆகஸ்டிலேயே முழங்கால் கிழிந்து உட்கார்ந்துவிட்டார். ஆடம்ஸும் முழங்கால் அடியால் இல்லை. ரான்டல் காப் ஆட்டத்தின் நடுவே அடிபட்டு வெளியேறினார். மிஞ்சியவர்களில் ஒருவர் ஜெஃப் ஜானிஸ். அந்த சீசன் முழுக்க அவர் பிடித்தது 2 பாஸ்கள். பேக்கர்ஸ் 7 புள்ளி பின்தங்கியிருந்தது, ஃபோர்த் டவுன், 20 யார்டு தேவை, பந்து தன் சொந்த 4 யார்டு கோட்டில். ராட்ஜர்ஸ் வீசியதை ஜானிஸ் 60 யார்டு தள்ளிப் பிடித்தார். பிறகு நேரம் முடியும் வேளையில் 41 யார்டு தூரத்திலிருந்து வானளாவ வீசிய பந்தை, இரண்டு காவலர்களுக்கு நடுவே எகிறி, மார்போடு அணைத்தபடி எதிரணியின் கடைக்கோட்டுக்கு அப்பால் விழுந்தார், அதாவது டச்டவுன். ஸ்கோர் சமம். அன்று அவர் கணக்கு 7 கேட்ச், 145 யார்டு, 2 டச்டவுன்.

ஆனால் ஆட்டத்தை வென்றது கார்டினல்ஸ். கூடுதல் நேரத்தின் முதல் பந்திலேயே லாரி ஃபிட்ஸ்ஜெரால்ட் 75 யார்டு ஓடினார். சற்று நேரத்தில் அவரே டச்டவுனையும் போட்டார், 26-20. பட்டியலின் அடியில் இருந்த ஆள் அணியை உயிரோடு வைத்திருந்தார், பட்டியலின் உச்சியில் இருந்த ஆள் எதிரணியை வெல்ல வைத்தார். இந்த விவாதத்தின் இரண்டு பக்கமும் ஒரே இரவில் கண்முன் நடந்தது.

## வழி 1: ஒரு நட்சத்திரம், அவரைச் சுற்றி மற்றவர்கள்

இதன் பலம் வெளிப்படை. 2021இல் ஆடம்ஸ் பிடித்தது 123 பாஸ், 1,553 யார்டு, 11 டச்டவுன். எதிரணி அவருக்கு இரண்டு பேரை ஒதுக்கியாக வேண்டும். மற்ற இடங்களில் தானாகவே இடைவெளி பிறக்கும். குவார்ட்டர்பேக்குக்கு நம்பிக்கை. தேர்ட் டவுனில் யாரைத் தேடுவது என்ற கேள்வியே இல்லை.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று.

முதலாவது பணம். ரெய்டர்ஸ் ஆடம்ஸுக்குக் கொடுத்த ஒப்பந்தம் 5 ஆண்டு, 140 மில்லியன் டாலர், ஆண்டுக்குச் சராசரி 28 மில்லியன். அந்த ஆண்டு ஓர் அணியின் மொத்தச் சம்பள வரம்பே 208.2 மில்லியன். 2025 மார்ச்சில் சின்சினாட்டியின் ரிசீவர் ஜமார் சேஸ் வாங்கியது ஆண்டுக்குச் சராசரி 40.25 மில்லியன், அந்த ஆண்டின் வரம்பு 279.2 மில்லியன். 53 பேருக்கான பணத்தில் ஏழில் ஒரு பங்கு ஒருவருக்கு.

இரண்டாவது, நட்சத்திரத்தின் மதிப்பு குவார்ட்டர்பேக்கோடு கட்டப்பட்டது. ஆடம்ஸ் ரெய்டர்ஸில் 2022இல் ஒன்றும் சோடை போகவில்லை: 1,516 யார்டு, 14 டச்டவுன். அணிக்கு 6 வெற்றி, 11 தோல்வி. முந்தைய ஆண்டு அவர் இல்லாமலேயே 10-7 எடுத்து பிளேஆஃபுக்குப் போன அணி அது. அவர் போனதே கல்லூரி நண்பர் டெரெக் கார் அங்கே குவார்ட்டர்பேக்காக இருந்ததால். அந்த சீசன் முடிவதற்குள் டெரெக் காரை உட்காரவைத்தார்கள், பிப்ரவரியில் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாவதுதான் எனக்கு அதிகம் உறுத்துவது: பழக்கம். ஒருவரையே பார்த்துப் பழகிய குவார்ட்டர்பேக்கின் கண் நெருக்கடியில் வேறு பக்கம் போகாது. லஸார்ட் ஆளில்லாமல் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பனிநாள் இதற்குச் சாட்சி. இத்தனைக்கும் ராட்ஜர்ஸ் அந்த சீசனின் எம்விபி, மிகச் சிறந்த வீரர்.

இந்த வழியைச் சரியாகச் செய்த அணி பிலடெல்பியா ஈகிள்ஸ். 2021 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் நிகழ்வு) டெவான்டா ஸ்மித்தை 10ஆவது ஆளாக எடுத்தார்கள்; 2022 டிராஃப்ட் நாளன்று டென்னஸியிலிருந்து ஏ.ஜே. பிரவுனை வாங்கி 4 ஆண்டுக்கு 100 மில்லியன் கொடுத்தார்கள். 2024 சீசனின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை 40-22 என்று வென்றார்கள். ஆனால் அதே சீசனில், 2024 செப்டம்பர் 29 அன்று, பிரவுனும் ஸ்மித்தும் அடிபட்டு ஒன்றாக வெளியே இருந்தபோது டாம்பா பேயிடம் 33-16 என்று தோற்றார்கள். ரன்னிங் பேக் சாக்வான் பார்க்லி இருந்தும்தான். ஜனவரியில் இப்படி நடந்திருந்தால் கோப்பை வேறு ஊருக்குப் போயிருக்கும்.

## வழி 2: டிராஃப்டில் எடுத்து வளர்த்த கூட்டணி

கிரீன் பே தேர்ந்த பாதை இது. ஆடம்ஸுக்கு ஈடாக ரெய்டர்ஸ் கொடுத்தது 2022 டிராஃப்டின் 22ஆவது, 53ஆவது இடங்கள். ஆடம்ஸே 2014இல் 53ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். அந்த 53ஐயும் 59ஐயும் மினசோட்டாவுக்குக் கொடுத்து 34ஆவது இடத்துக்கு ஏறி கிறிஸ்டியன் வாட்சனை எடுத்தார்கள். நான்காம் சுற்றில் ரோமியோ டாப்ஸ். அடுத்த ஆண்டு இரண்டாம் சுற்றில் ஜேடன் ரீட், ஐந்தாம் சுற்றில் டொண்டேவியன் விக்ஸ்.

கிரீன் பேக்கு இது புதிதல்ல. கிரெக் ஜென்னிங்ஸ் (2006), ஜோர்டி நெல்சன் (2008), ரான்டல் காப் (2011), ஆடம்ஸ் (2014), எல்லோரும் இரண்டாம் சுற்று ஆட்கள். எல்லோரும் அங்கேயே வளர்ந்தவர்கள்.

வளரும் காலம்தான் வலி. 2022 செப்டம்பர் 11, மினியாபொலிஸ். சீசனின் முதல் தாக்குதல் பந்து. வாட்சனுக்கு இதுதான் என்எஃப்எல்லில் முதல் ஓட்டம். கார்னர்பேக்கை இரண்டு எட்டில் தாண்டிவிட்டார். முன்னால் ஒருவரும் இல்லை. ராட்ஜர்ஸின் பந்து சரியாக அவர் நீட்டிய கைகளில் வந்து இறங்கியது. 75 யார்டு டச்டவுன். பிடித்திருந்தால். விரல்களுக்கு நடுவே நழுவி விழுந்தது. ஆட்டம் 23-7 என்று தோல்வி. இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 13 அன்று, அதே வாட்சன் டல்லஸுக்கு எதிராக மூன்று டச்டவுன் பிடித்து 31-28 என்று ஜெயிக்கவைத்தார். அன்று முதல் நான்கு ஆட்டங்களில் எட்டு டச்டவுன். பொறுமை என்பது இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி. ஆடம்ஸும் இப்படித்தான்: இரண்டாம் ஆண்டில் 483 யார்டு, ஒரே ஒரு டச்டவுன். அப்போது அவரை விற்றுவிடலாம் என்றவர்கள் எத்தனை பேர்!

2023இல் பலன் தெரிந்தது. ரீட் 64 கேட்ச் எடுத்து, 1988இல் ஸ்டெர்லிங் ஷார்ப் முதல் ஆண்டில் எடுத்த 55 என்ற அணிச் சாதனையை முறியடித்தார். வாட்சன் தொடைத் தசைப் பிடிப்பால் கடைசி வாரங்களில் இல்லை. 2023 டிசம்பர் 31 அன்று வைக்கிங்ஸுக்கு எதிராக, பயிற்சிக் குழுவிலிருந்து மேலே ஏற்றப்பட்ட போ மெல்டன் 105 யார்டு பிடித்தார். அந்த சீசனில் பேக்கர்ஸ் ரிசீவர் ஒருவர் 100 யார்டைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. தாண்டியவர் பட்டியலின் அடியில் இருந்தவர். இரண்டு வாரம் கழித்து டல்லஸில் டாப்ஸ் 6 கேட்ச், 151 யார்டு, 48-32 வெற்றி. ஏழாவது இடத்தில் பிளேஆஃபுக்குள் வந்த ஓர் அணி வென்றது அதுவே முதல் முறை.

இனி இதன் மறைமுகச் செலவு. 2024இல் முதலிடத்தில் இருந்த ரீட் எடுத்தது 857 யார்டு. ஒருவரும் ஆயிரம் தொடவில்லை, எதிரணி யாருக்கும் இரட்டைக் காவல் போடத் தேவைப்படவில்லை. கைநழுவிய பந்துகள் சீசன் முழுக்கத் தொல்லை கொடுத்தன. ஐந்து பேருக்குப் பங்கு பிரிக்கும்போது மனக்குறையும் வரும்: அந்த அக்டோபரில் பயிற்சிக்கு வராததற்காக டாப்ஸை அணி ஓர் ஆட்டத்துக்கு இடைநீக்கம் செய்தது. பந்து போதவில்லை என்ற வருத்தமே காரணம் என்று அப்போது செய்தி வந்தது. (திரும்பி வந்த ஆட்டத்தில் இரண்டு டச்டவுன் பிடித்தார், அதையும் சொல்லவேண்டும்.) சீசனின் கடைசி ஆட்டத்தில் வாட்சனின் முழங்கால் கிழிந்தது. அடுத்த வாரம் பிலடெல்பியாவில் டாப்ஸ் தலையில் அடிபட்டு வெளியேறினார், 22-10 தோல்வி. ரன்னிங் பேக் ஜோஷ் ஜேக்கப்ஸ், நம்பர் 1 என்று நிரூபித்த ரிசீவர் ஒருவர் வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

பலரும் பார்க்கத் தவறும் இன்னொரு செலவு ஒப்பந்தத் தேதி. ஒரே டிராஃப்டில் இருவரை எடுத்தால் இருவரின் நான்கு ஆண்டு ஒப்பந்தமும் ஒரே நாளில் முடியும். வாட்சனுக்கும் டாப்ஸுக்கும் 2025தான் கடைசி ஆண்டு. முழங்கால் இன்னும் ஆறாத வாட்சனோடு 2025 செப்டம்பரில் 2026 வரை ஓராண்டு நீட்டிப்பு செய்துகொண்டது இந்தச் சிக்கலை ஓரளவு அவிழ்க்கத்தான் என்பது என் எண்ணம்.

## வழி 3: அனுபவசாலியை வாடகைக்கு

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். குறைந்த பணம், ஓராண்டு, இடத்தை நிரப்பும்.

நன்றாக அமைந்தால் கோப்பையே வரும். 2022இல் கான்சஸ் சிட்டி, டைரீக் ஹில்லை மயாமிக்கு விற்றுவிட்டு ஜூஜூ ஸ்மித்-ஷூஸ்டரை ஓராண்டுக்கு எடுத்தது. அவர் 933 யார்டு பிடித்தார், அணி சூப்பர் பவுல் வென்றது. 2021 நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் ஓடெல் பெக்கம் ஜூனியரை எடுத்தது. மறுநாளே ராபர்ட் வுட்ஸ் பயிற்சியில் முழங்கால் கிழிந்து விழுந்தார். பெக்கம் இல்லையென்றால் அந்தக் கோப்பை சந்தேகம். அந்த இறுதி ஆட்டத்தின் முதல் டச்டவுனைப் பிடித்த பெக்கமுக்கே அன்று முழங்கால் கிழிந்தது.

கவனியுங்கள், ராம்ஸில் 1,947 யார்டு எடுத்த கூப்பர் கப் இருந்தார், கான்சஸ் சிட்டியில் பேட்ரிக் மஹோம்ஸும் டிராவிஸ் கெல்சியும் இருந்தார்கள். வாடகை ஆள் மேல்கூரைக்கு ஓடு மாற்றுவார், சுவர் எழுப்ப மாட்டார். கிரீன் பேயில் 2022இல் சாமி வாட்கின்ஸைக் கொண்டுவந்தார்கள்: 13 கேட்ச், 206 யார்டு, டிசம்பரில் அனுப்பிவிட்டார்கள். மறைமுகச் செலவு என்னவென்றால், பயிற்சியில் அவருக்குப் போன ஒவ்வொரு பந்தும் வாட்சனுக்கோ டாப்ஸுக்கோ போயிருக்க வேண்டிய பந்து. போதாததற்கு, முப்பதை நெருங்கியவரை கிக்ஆஃப் மறிக்க யாரும் அனுப்புவதில்லை; ஆட்ட நாளில் ஓர் இடம் வீண்.

## பக்கத்தில் பக்கத்தில்

| கேள்வி | நட்சத்திரம் | கூட்டணி | வாடகை அனுபவசாலி |
|---|---|---|---|
| நெருக்கடியில் பிடிப்பவர் | உறுதி | ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும் | ஓரளவு |
| ஒருவர் அடிபட்டால் | பெரிய பள்ளம் | தாங்கும் | அவரே அடிபட வாய்ப்பு அதிகம் |
| பணம் | வரம்பில் ஏழில் ஒரு பங்கு வரை | குறைவு, ஆனால் ஒப்பந்தங்கள் சேர்ந்து முடியும் | குறைவு |
| பலன் தர | உடனே | இரண்டு, மூன்று ஆண்டு | உடனே, ஓராண்டுக்கு மட்டும் |
| மறிப்பு, ஸ்பெஷல் டீம்ஸ் | குறைவு | அதிகம் | மிகக் குறைவு |

## எந்த நிலையில் எது

குவார்ட்டர்பேக் இன்னும் முதல் ஒப்பந்தத்தில், குறைந்த சம்பளத்தில் இருந்தால் நட்சத்திரத்தை வாங்குங்கள். பிரவுனை வாங்கியபோது ஜேலன் ஹர்ட்ஸ் அப்படித்தான் இருந்தார். மற்ற எல்லா இடமும் நிறைந்து, ஒரே ஒரு ஓட்டை மட்டும் இருந்தால் வாடகை. குவார்ட்டர்பேக்குக்குப் பெரும் சம்பளம் கொடுத்தாகிவிட்டது என்றால் கூட்டணிதான். பேக்கர்ஸ் குவார்ட்டர்பேக் ஜோர்டன் லவ் 2024 ஜூலையில் ஆண்டுக்குச் சராசரி 55 மில்லியனுக்குக் கையெழுத்திட்டார். 2025 ஆகஸ்டில் தடுப்பாட்ட வீரர் மைக்கா பார்சன்ஸ் 47 மில்லியனுக்கு வந்தார். இவர்களுக்கு மேல் 35 மில்லியன் ரிசீவர் என்பது கணக்கில் உதைக்கும்.

ஆகவே நான் கூட்டணிக் கட்சி. ஒரு திருத்தத்தோடு: இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது மேல்சுற்றில் ஒருவரை எடுத்துக்கொண்டே இருக்கவேண்டும். 2025இல் கிரீன் பேயிலேயே நடந்த டிராஃப்டில் 23ஆவது ஆளாக டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் மேத்யூ கோல்டன் பெயர் வாசிக்கப்பட்டது. முதல் சுற்றில் பேக்கர்ஸ் ஒரு ரிசீவரை எடுத்தது 2002இல் ஜாவன் வாக்கருக்குப் பிறகு அதுவே முதல் தடவை. முதல் சுற்று ஆளின் ஒப்பந்தத்தை ஐந்தாம் ஆண்டுக்கு நீட்டிக்கும் உரிமையும் அணியிடமே இருக்கும். ஒப்பந்தத் தேதிச் சிக்கலுக்கு அதுவும் ஒரு மருந்து.

அந்த சீசன் தொடங்கும்போது இருந்தவர்களை வைத்து நான் போட்ட வரிசை இது. எக்ஸில் டாப்ஸ், வாட்சன் குணமாகி வந்ததும் அவரோடு மாறிமாறி. இசட்டில் கோல்டன், பின்னால் விக்ஸ். ஸ்லாட்டில் ரீட், பின்னால் மூன்றாம் சுற்றில் வந்த சேவியன் வில்லியம்ஸ். வாட்சன் வரும்வரை ஆறாவது இடம் மெல்டனுக்கு. அந்தக் கோடையில் கார்னர்பேக்காகவும் பழகிக்கொண்டிருந்தார், இப்படி இரண்டு வேலை தெரிந்தவரை நான் விடமாட்டேன். விக்ஸை நான்காவதாக வைத்ததற்குத்தான் நண்பர்களிடம் அதிகம் வாங்கிக்கட்டிக்கொண்டேன். பந்தைத் தவறவிடுகிறார், உண்மைதான். ஆனால் எதிரே நிற்பவரைக் கோட்டிலேயே ஏமாற்றித் தாண்டும் காலடி இந்தக் கூட்டத்தில் அவருக்குத்தான் அதிகம். அடிபட்டவர் இடத்தில் இறங்குபவருக்கு முதலில் அதுதான் வேண்டும்.

சோதனை உடனே வந்தது. இரண்டாவது வாரம் வாஷிங்டனுக்கு எதிராக ரீட் டச்டவுன் எல்லைக்குள் பாய்ந்து பிடித்தார். அது பெனால்டியில் செல்லாமல் போனது, விழுந்த வேகத்தில் காறை எலும்பு உடைந்தது. வாட்சன் இன்னும் வரவில்லை. ரீட் இல்லை, வாட்சன் இல்லை என்ற நிலையில் செப்டம்பர் 28 அன்று டல்லஸில் இறங்கினார்கள். 40-40, சமன். டாப்ஸ் மூன்று டச்டவுன் பிடித்தார். அவருடைய ஒப்பந்தத்துக்கு அதுதான் கடைசி ஆண்டு.